அலுவேலை யாரும் திட்டுவதில்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நானாக எழுத நினைத்த கதை இல்லை. எங்கள் பாஸ்டர் செமிசி கேட்டார். உலகத் திருவிருந்து ஞாயிறு எப்படி நடந்தது என்று சபை இதழுக்கு இரண்டு பக்கம் வேண்டும், "படிக்கிறவங்க மனசு நிறையணும், அவ்வளவுதான்" என்றார். எழுதிக் கொடுத்தேன், அச்சிலும் வந்தது. அதிலிருந்த ஒவ்வொரு வரியும் உண்மை. மொத்தமாகப் பார்த்தால் பொய்.

அது தமிழில் ஏறக்குறைய இப்படித் தொடங்கும்:

"அக்டோபர் முதல் ஞாயிறு. உலகமெங்கும் உள்ள கிறிஸ்தவர்கள் ஒரே பந்தியில் அமரும் நாள். எல்லைகள் கரைந்து, மொழிகள் இணைந்து, அடைக்கலம் தேடி வந்தோரை அன்புக் கரம் நீட்டி —"

போதும். கை நீட்டியது யார், நீட்டிய கையில் என்ன இருந்தது என்று கேட்டால் இந்த வாக்கியம் முழிக்கும். வேறு மாதிரி தொடங்குகிறேன்:

"போர் மூண்ட ஒரு காலையில், தலையில் மூட்டையோடு, நைல் நதிக்கரையில் அலுவேல் —"

இதை அலுவேலிடமே படித்துக் காட்டினேன். "அண்ணே, அந்த மூட்டைய இறக்கி வைங்க. பதினோரு வருஷமா அதையே தூக்கிட்டு நிக்கிறேன்" என்றாள்.

(அவள் சொன்னது ஆங்கிலத்தில். ஆனால் இந்தக் கதையில் எல்லாரும் தமிழ்தான் பேசப்போகிறார்கள். டோங்கா தீவுக்காரரான பாஸ்டர், தென் சூடான்காரி அலுவேல், ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தைத் தாண்டிக் குடியிருந்தே பழகாத பெவர்லி, எல்லாரும். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் சீடர்கள் பேசியதை ஒவ்வொருவரும் தங்கள் மொழியில் கேட்டார்களாம், அது எங்கள் ஊரில் நடக்கக்கூடாதா என்ன?)

2

அலுவேலுக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறைக்குப் பொறுப்பாளர். அவளுக்குக் கீழே ஆறு பேர். தட்டில் ஒரு பிசுக்கு இருந்தால் அவள் குரல் கார் நிறுத்துமிடம் வரை கேட்கும். இப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கால் வைத்ததும் விருந்தாளி ஆகிவிடுவாள்.

காரணம் பெவர்லி. வயது எழுபத்தெட்டு, பெவ் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். எந்த வாரம் யார் தேநீர் போடுவது, யார் கேக் கொண்டுவருவது, யார் பெருக்குவது என்று முறைப்பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுபவர் அவர். எங்கள் சபையில் அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் இரண்டு வகை. ஒன்று, சுவரில் படமாகத் தொங்குகிற பழைய போதகர்கள். இன்னொன்று, அலுவேல்.

ஒவ்வொரு வாரமும் அவள் ஒரு கோப்பையைக் கழுவ எடுப்பாள். பெவ் அதை மெல்ல வாங்கிக்கொள்வார். "நீ உக்காரு கண்ணு. நீ பட்டதெல்லாம் போதும்." நாற்காலி வரும், தேநீர் வரும், கேக் இரண்டு துண்டு வரும். மற்றவர்களுக்கு ஒரு துண்டுதான்.

மற்றவர்களிடம் பெவ்வின் முகமே வேறு. பிரசங்கம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைக் கழற்றி பாஸ்டரைப் பார்த்து ஆட்டுவார். திரையில் பாட்டு வரி மாறிப்போனதற்கு, "கண்ண வீட்லயே விட்டுட்டு வந்தியா?" என்று சபை நடுவில் என்னைக் கேட்டிருக்கிறார். நான் வேலை விசாவில் வந்தவன். என்னை யாரும் வரவேற்கவில்லை. இரண்டாவது வாரமே ப்ரொஜக்டரை என் தலையில் கட்டினார்கள்.

"இந்தச் சபையில பெவ் அம்மாகிட்ட திட்டு வாங்காத ஒரே ஆள் நான்தான் அண்ணே" என்றாள் அலுவேல் ஒருநாள். "எங்க வீட்ல விருந்தாளிய முத நாள் உக்கார வைப்போம். மறுநாள் உலக்கைய கையில குடுத்துருவோம். எனக்கு இன்னும் முத நாளே முடியல."

அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான். இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள், ஒரு வீட்டின் முன்னறையிலேயே பதினோரு வருடம் உட்கார்ந்துவிட்டு வந்து கேளுங்கள்.

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். முதல் வரைவில் பெவ்வை வில்லி ஆக்கியிருந்தேன். மெல்லிய உதடு, இறுகிய கொண்டை, இத்யாதி. எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது. பிறகு மனசாட்சி குத்தியது.

அலுவேல் மூன்று பிள்ளைகளோடு இந்த ஊரில் வந்து இறங்கியபோது வீட்டுச் சாவியோடு காத்திருந்தவர் பெவ். அந்தக் குளிர்காலத்துக்கு நான்கு கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தார். மூத்த மகள் நியாண்டெங்குக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து, தன் காரின் பின்பக்கத்தைக் காவு கொடுத்தார்.* இவரை அன்பில்லாதவர் என்று எவனாவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். அந்த அன்புக்கு அலுவேலை நாற்காலியில் உட்காரவைக்கத் தெரிந்தது, எழுப்பத் தெரியவில்லை.

(* அன்று நியாண்டெங்குக்குச் சரியான திட்டு விழுந்தது. மகளைப் பார்த்து அலுவேல் பொறாமைப்பட்டதாகக் கேள்வி.)

ஆக, வில்லி கிடையாது. வில்லி இல்லாமல் கதையை எப்படி நகர்த்துவது என்று தெரியாமல் இரண்டு வாரம் சும்மா கிடந்தேன்.

(இன்னொன்றும் உண்டு. இந்த மண்ணில் யாரை யார் வரவேற்பது? ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை தொடங்குமுன், இது எந்த ஆதிக்குடிகளின் நிலம் என்று சொல்லி அவர்களுக்கு மரியாதை செலுத்துகிறோம். செலுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். அப்படிப் பார்த்தால் பெவ்வும் விருந்தாளி, நானும் விருந்தாளி. இதைப் பிடித்துக்கொண்டு போனால் கதை நாற்பது பக்கம் போகும். தெரிந்தேதான் விட்டிருக்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.)

4

வியாழக்கிழமை ஏற்பாட்டுக் கூட்டம். உலகத் திருவிருந்து ஞாயிறன்று எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அடைக்கலம் தேடி வந்தவர்கள் தங்கள் நாட்டு உடையில் முன்னால் வந்து நிற்க வேண்டும். சபை எழுந்து வரவேற்புப் பாட்டுப் பாடும். அவர்கள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றித் தங்கள் மொழியில் நன்றி சொல்வார்கள். பத்து வருடமாக அப்படி நின்றவள் அலுவேல். இந்த வருடம் புதிதாக எஸ்பெரான்ஸும் இருந்தாள். புருண்டிக்காரி, முகாமிலிருந்து வந்து மூன்று வாரமே ஆகியிருந்தது, கூடவே இரண்டு சின்னப் பெண்கள்.

இந்த வருஷம் நான் முன்னால் வரவில்லை என்றாள் அலுவேல். உடம்புக்கு என்ன என்று பெவ் பதறிப்போய்க் கேட்டார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. என்னை வரவேத்து வரவேத்து நீங்கதான் களைச்சுட்டீங்க. எனக்கு ஒரு வேலை குடுங்க. திருவிருந்துக் கிண்ணத்த நான் கழுவறேன்."

பாஸ்டர் செமிசி கண்ணை மூடிக்கொண்டார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன், பயந்திருக்கிறார். விரல் உயரக் கண்ணாடிக் கிண்ணங்கள் அவை, மொத்தம் நூற்றிருபது. திராட்சை ரசம் ஊற்றி ஆளுக்கு ஒன்று கொடுப்போம். பெவ்வின் மாமியார் காலத்துச் சாமான். முப்பத்து நான்கு வருடமாகக் கழுவுவதற்கு பெவ்வைத் தவிர வேறு கை பட்டதில்லை. "நான் அப்பத்தப் பிட்கலாம், ஞானஸ்நானம் குடுக்கலாம். அந்தக் கிண்ணத்தக் கழுவ எனக்கே அதிகாரம் கிடையாதுப்பா" என்று பாஸ்டர் பிறகு என்னிடம் சொன்னார்.

"அதுக்கெல்லாம் பழக்கம் வேணும் கண்ணு. நீ உக்காரு" என்றார் பெவ். அலுவேல் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள். அதனால் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை எனக்கு போன் செய்தாள். இந்த ஞாயிறும் விருந்தாளியாகத்தான் திரும்புவேன் என்றால் ஊருக்கு அந்தப் பக்கத்துக் கோயிலுக்கு மாறிவிடுகிறேன் என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

5 (கிழித்தது)

எஸ்பெரான்ஸ் தனியாக முன்னால் நின்றாள். பாட்டு தொடங்கியது. அப்போது சபையில் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் போனார்கள். பாஸ்டர், ஒரு கொரியக் குடும்பம், நான். கடைசியில் பெவ்வும், "என் தாத்தாவும் கப்பல்லதான் வந்தாரு" என்று கண்ணீரோடு —

இதை எழுதியபோது நானே அழுதேன். அழுது முடித்ததும் கிழித்தேன். பெவ் பாட்டு நடுவில் இடம்விட்டு நகரவே மாட்டார்.

5

நடந்தது இதுதான்.

எஸ்பெரான்ஸ் இரண்டு பெண்களோடு முன்னால் நின்றாள். அலுவேல் மூன்றாவது வரிசையில், வேலைக்குப் போகிற சட்டையில் நின்றாள். முன்னால் நின்றவளின் கண் வரிசை வரிசையாகத் தேடி அலுவேலிடம் வந்து நின்றுவிட்டது. நீயும் என்னைப் போலத்தானே, அங்கே என்ன செய்கிறாய் என்கிற பார்வை. போகாவிட்டால் அவள் தனியாக நிற்பாள். போனால் இன்னொரு பதினோரு வருடம். இது பிறகு அவளே சொன்னதுதான்.

பாட்டு முடிந்தது. நன்றி சொல்லும்படி பாஸ்டர் கையைக் காட்டினார். எஸ்பெரான்ஸ் சுவாகிலியில் வேகமாக இரண்டு வாக்கியம் பேசினாள். சபை உருகிப்போனது. "ஆமென்" என்றார் பெவ், கைக்குட்டையை எடுத்தபடி.

கென்ய முகாமில் எட்டு வருடம் இருந்ததால் அலுவேலுக்குச் சுவாகிலி தெரியும். எஸ்பெரான்ஸ் கேட்டது, கழிப்பறை எங்கே இருக்கிறது, சின்னவளால் இனிமேல் அடக்க முடியாது.

அலுவேல் விடுவிடுவென்று முன்னால் வந்தாள். கடைசியில் வந்துவிட்டாளே என்று எல்லாரும் கைதட்டினார்கள். அவள் மெழுகுவர்த்திப் பக்கம் திரும்பவே இல்லை. சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பீடத்துக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து, சமையலறையைத் தாண்டி, எங்கள் கோயிலின் மக்கர் பண்ணும் கழிப்பறைத் தாழ்ப்பாளைத் தோளால் ஒரு இடி இடித்துத் திறந்தாள். அந்தத் தாழ்ப்பாளை அப்படித்தான் திறக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்து எஸ்பெரான்ஸையும் பிள்ளைகளையும் தன் வரிசையிலேயே உட்காரவைத்தாள். அப்பம் வந்தது. அன்றைக்கு மேஜையில் நான்கு நாட்டு அப்பம். பெரியவள் நான்கிலும் கை வைத்தாள், யாரும் தடுக்கவில்லை. ரசம் வந்தபோது, எல்லார் கைக்கும் வந்த பிறகுதான் குடிக்க வேண்டும் என்று அலுவேல் அவர்கள் காதில் சொன்னாள்.

6

ஆசீர்வாதம் முடிந்ததும் ஒரு பெரியவர் தன் முழங்கால் ஆபரேஷன் கதையோடு பெவ்வை வாசலில் மடக்கிவிட்டார். (இந்தப் பெரியவரை நான் இட்டுக்கட்டவில்லை. ஆண்டவர் அனுப்பினார்.) அலுவேல் கிண்ணத் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இரண்டாவது துண்டு கேக் எடுக்க நான் போனபோது, கை மடித்த சட்டையும் ஆவி பறக்கும் தண்ணீருமாக நின்றாள். நாற்பது கிண்ணம் உள்ளே கிடந்தது.

பெவ் வந்தார். பார்த்தார். "கண்ணு" என்பார் என்று நானும் எதிர்பார்த்தேன், அலுவேலும் எதிர்பார்த்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? கொதிக்கிற தண்ணியிலயா போடுவாங்க? விளிம்பு தெறிச்சுப் போயிரும். முதல்ல பச்சத்தண்ணி, அப்புறம் வெதுவெதுப்பு. பதினோரு வருஷமா அங்கேயே உக்காந்து பாத்துட்டுத்தானே இருந்த? மண்டையில ஒண்ணும் ஏறலையா?"

அலுவேலுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று கேட்டேன், தெரியாது என்றாள். இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் அவள் பெவ்வைப் பார்த்து, "நீங்க உக்காருங்கம்மா" என்று சொல்வதாக எழுதினால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். அவள் சொன்னது வேறு.

"எழுபது டிகிரிக்குக் குறைஞ்சா கிருமி சாகாதும்மா. பச்சத்தண்ணியில அலசித்தான் இத்தன வருஷம் ஊருக்கே குடுத்தீங்களா?"

பெவ் துடைக்கிற துண்டு ஒன்றை உருவி என் மேல் எறிந்தார். கேக்கைக் கீழே வைத்துவிட்டுத் துடைக்க ஆரம்பித்தேன்.

7

முடிவுக்கு வருகிறேன். வர முடியுமா என்று பார்க்கிறேன்.

இது நவம்பர், முதல் ஞாயிறு, மறுபடியும் திருவிருந்து. ஒரு தொட்டியில் பச்சைத்தண்ணீரோடு பெவ், பக்கத்துத் தொட்டியில் கொதிநீரோடு அலுவேல். ஒரு மாதமாக இதே சண்டை. மத்தியஸ்தம் செய்ய பாஸ்டர் ஒருமுறை வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் துரத்திவிட்டார்கள். ஊருக்கு அந்தப் பக்கத்துக் கோயில் பற்றி அலுவேல் பேசுவதே இல்லை.

சற்றுமுன் எஸ்பெரான்ஸ் உள்ளே வந்தாள். அவளிடம் இன்னும் முப்பது ஆங்கில வார்த்தைகூடச் சேரவில்லை. பச்சைத்தண்ணீரை எட்டிப் பார்த்தாள். கொதிநீரை எட்டிப் பார்த்தாள். இரண்டுமே தப்பு என்பதுபோல் தலையை ஆட்டினாள். இப்போது இரண்டு பேரையும் இடுப்பால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, நடுவில் நின்று சட்டைக் கையை மடித்துவிடுகிறாள்.

பெவ்வும் வாயைத் திறக்கிறார், அலுவேலும் வாயைத் திறக்கிறாள். முதலில் பேசியது யார், என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் துடைக்க இன்னும் தொண்ணூறு கிண்ணம் இருக்கிறது.