ஐந்தாவது சுற்று

விமானம் கிளம்பிய பத்தாவது நிமிஷமே அவளுக்குக் குமட்டும். ஆராய்ச்சி விமானம் தாழப் பறப்பது. வெயில் ஏறினால் குலுக்கி எடுத்துவிடும். மடியில் காகிதப் பையை வைத்துக்கொண்டேதான் ஆறு வருஷமாகக் காற்றில் மீத்தேன் அளக்கிறாள். விமானி அவளுக்கு ‘பை அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, எரிவாயு சேமிப்பு நிலையம் ஒன்றைத் தாண்டும்போது திரையில் கோடு விருட்டென்று ஏறியது. வழக்கமாகப் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு இருக்கும் மீத்தேன் அங்கே மூன்றைத் தொட்டது. குழுத் தலைவர் நிலையத்துக்கு உடனே தகவல் சொன்னார். மறுநாள் பதில் வந்தது: கசிவு எதுவும் இல்லை. கீழே இருந்தது அவளுடைய தம்பியின் கையெழுத்து. அங்கே பராமரிப்புப் பொறுப்பு அவனிடம்தான்.

சாயங்காலம் அவனே போன் செய்தான். கையில் கருவியோடு ஒவ்வொரு குழாய் மூட்டாக இரண்டு தடவை பார்த்துவிட்டதாகச் சொன்னான். பிறகு குரல் கொஞ்சம் மாறியது.

“உன் மெஷினையும் ஒரு தடவை பாரேன்க்கா.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அதில் நியாயம் இருந்தது. மறுநாள் கருவியைத் திறந்து உட்கார்ந்தாள். அளவு தெரிந்த வாயுவைச் சிலிண்டரிலிருந்து செலுத்தினாள். இம்மி பிசகாமல் அதே எண் வந்தது. வெளிக்காற்றை இழுக்கும் குழாயில் ஓட்டை இருந்தால் விமானத்துக்குள் இருக்கும் காற்று கலந்துவிடும். அதையும் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் சரி.

தலைவரிடம் தம்பி விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். ஒதுங்கிக்கொள்கிறாயா என்று அவர் கேட்டார்.

“கணக்கை வேற யாராவது போடட்டும் சார். பறக்கறது நான்தான்.”

வெள்ளிக்கிழமை மதியம் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் உயரத்தில். காற்று வரும் பக்கம் சுத்தம். போகும் பக்கத்திலும் நான்கு சுற்றுவரை கோடு லேசாகத்தான் அசைந்தது. அதற்குள் மூன்று பைகள் தீர்ந்திருந்தன. அவள் முகம் வெளிறியதைப் பார்த்து, இறங்கிவிடலாமா என்றார் விமானி.

“இன்னும் மேல போங்க.”

ஐந்தாவது சுற்றில் கோடு எகிறியது. ஆறாவதிலும்.

வாயு தரையிலிருந்து வரவில்லை, உயரத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அந்த நிலையத்தில் உயரமாக நிற்பது ஒன்றே ஒன்றுதான்: அவசரத்தில் வாயுவை வெளியே விடும் குழாய். அதன் உச்சி தம்பியின் கருவிக்கு எட்டாத இடம்.

இறங்கியதுமே தலைவர் நிலையத்துக்குச் சொல்லிவிட்டார். முகக்கவசமும் இடுப்புக் கயிறும் மாட்டிக்கொண்டு தம்பி தானே ஏணியில் ஏறினான். ஒரு மணி நேரம் கழித்து அவளை அழைத்தான்.

“மேல வாயு வந்துட்டேதான் இருக்கு. கீழ வால்வு மூடின மாதிரி தெரியுது, முழுசா மூடல.” மூச்சு வாங்கிக்கொண்டான். “இல்லைன்னு கையெழுத்துப் போட்டவன் நான். திருத்தி நானே எழுதறேன்.”

எழுதினான். மேலிடத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது, வாங்கி வைத்துக்கொண்டான். வால்வை மாற்றிய பிறகு அவர்கள் மறுபடி பறந்தார்கள். ஏழு சுற்றும் கோடு படுத்தே கிடந்தது. திரையைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினாள். அதே மாதிரிக் குழாய் இன்னும் இரண்டு நிலையங்களில் இருப்பதாகப் பதில் எழுதிய அவன், இரண்டின் இடத்தையும் குறித்து அனுப்பியிருந்தான்.