உப்பின் மேல் போட்ட பழி

"உப்பையே தொடலைன்னு சத்தியம் பண்றீங்களே அண்ணி, அப்ப எங்கண்ணனுக்குப் பிரஷர் நூத்தி எழுபது எங்கிருந்து வந்துச்சு? வானத்துல இருந்து குதிச்சுச்சா?"

"உங்கண்ணனையே கேளு. மூணு மாசமா என் சமையலை மூக்கைப் பிடிச்சுக்கிட்டுதான் முழுங்குறாரு."

"அப்ப வாரத்துக்கு ரெண்டு பாக்கெட் உப்பு யாருக்கு? சுவத்துக்கா?"

பக்கத்து வீட்டில் அண்ணிக்காரி விசும்புவது கேட்டது. சுவரில் வைத்திருந்த காதை எடுத்துவிட்டேன். ரெண்டு பாக்கெட் சமாசாரத்தை அவள் நாத்தனார் காதில் போட்ட புண்ணியவதி நான்தானே!

அந்த வீட்டுக்காரர் இரவு பஸ் டிரைவர். காலையில் வந்து படுப்பார். பத்து நாளில் டிப்போவில் உடல் பரிசோதனை. பிரஷர் இறங்காவிட்டால் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார்கள். பஸ்ஸைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனுஷன்.

எங்களுடையது டயர்க் கடையோடு சேர்ந்த வீடு. காற்றடிக்கிற கம்ப்ரஸர் பொதுச்சுவரை ஒட்டி நிற்கும். கால் மணிக்கு ஒருமுறை தானாக எழுந்து உறுமும். சுவருக்கு அந்தப் பக்கம் சரியாக அவருடைய தலைமாடு.

சண்டைக்கு ஒரு வாரம் முன்னால் அவர் மனைவி வாசலில் வந்து நின்றாள். "அக்கா, அண்ணன்கிட்ட சொல்லி அந்த மெஷினைக் கொல்லைப் பக்கம் நகர்த்த முடியுமா? பகல்ல அவருக்குக் கண்ணே மூட மாட்டேங்குது. அசந்தாலும் தூக்கிப் போடுது. அதுலதான் பிரஷர் இறங்கலையோன்னு தோணுது."

எனக்குச் சுருக்கென்றது. "இருபது வருஷமா இதுக்குப் பக்கத்துலதான் நாங்க குடும்பம் நடத்துறோம். எங்களுக்கு என்ன ஆயிடுச்சு? சத்தத்துக்கெல்லாம் பிரஷர் ஏறுமாம்! சமையல்ல கையை அடக்கும்மா."

அந்தக் கோபத்தில்தான், மளிகைக் கடையில் அவள் ஒரே வாரத்தில் ரெண்டு பாக்கெட் உப்பு வாங்கியதைப் பார்த்ததும் நாத்தனாரிடம் ஒப்பித்தேன். பார்த்தது பொய்யில்லை. ஆனால் எதற்கென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வதந்திக்கு ருசி ஏது?

பரிசோதனையில் அவர் தேறவில்லை. ஒரு நாள் முழுக்கக் கையில் கட்டிக்கொண்டு அளக்கிற கருவியைக் கொடுத்தனுப்பினார் டாக்டர். அது கக்கிய காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் மனைவி என்னிடம் வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டேன்.

"தூங்கும்போது இறங்கணுமாம்க்கா. இவருக்கு அப்பவும் ஏறியே இருக்கு. படுக்கிற இடத்துல என்ன சத்தம்னுதான் டாக்டர் முதல்ல கேட்டாரு. உப்பு மட்டும் இல்லையாம். ராத்திரி வேலை, கெட்ட தூக்கம், ஓயாத இரைச்சல், எல்லாம் சேர்ந்து ஏத்துமாம்."

"அப்ப அந்த ரெண்டு பாக்கெட்..." என் வாய் சும்மா இருக்காதே.

"ராத்திரி முழுக்க பெடலை மிதிச்ச காலுக்கா. வெந்நீர்ல உப்பைப் போட்டுத்தான் தினம் ஒத்தடம் கொடுக்கிறேன்."

அவர்கள் ஊர்க்கோடியில் வேறு வீடு பார்த்துவிட்டதாகவும் சொன்னாள். அன்று மாலையே என் வீட்டுக்காரர் கம்ப்ரஸரைக் கழற்றிக் கொல்லையில் வைத்தார். நாலு போல்ட், அரை மணி நேர வேலை.

சாமான் ஏற்றுகிற அன்று டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னக்கா, கரண்ட் இல்லையா? சத்தத்தையே காணோம்?"

"ஆமா தம்பி, காலையிலேர்ந்து இல்லை" என்றேன். மின்விசிறி என் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

ஆறு மாதத்தில் அவர் பிரஷர் நூற்று முப்பதுக்கு இறங்கியதாம். அதற்குள் அவர் பஸ் வேறு கைக்குப் போய்விட்டது. பயணிகள் விட்டுப்போன குடைகளுக்கு டிப்போவில் காவல் இருக்கிறார்.

அந்த நாத்தனார் கல்யாணமாகி விமான நிலையத்துக்குப் பின்னால் குடிபோனாள். இப்போது அவள் புருஷனுக்குப் பிரஷராம். அந்த வீட்டில் எத்தனை பாக்கெட் உப்பு வாங்குகிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.