விமானம் இறங்கும்வரை

"சிக்னோராவின்ரை வீட்டைக் கூட்டிறது காணாதெண்டு உவ ஆகாயத்தையும் கூட்டப் போறா."

பிரசாந்தினி வேலைசெய்யும் வீட்டின் இத்தாலிய எசமானியை இழுத்து, ஒரு வருடமாக இதே பகிடி. இன்றைக்கும் காரை நிறுத்தும்போது சந்திரமதி மச்சாள் அதைச் சொல்லாமல் விடவில்லை. பிரசாந்தினி கண்ணாடியில் தொப்பியைச் சரிபார்த்தாள். தொப்பி இல்லாமல் சல்யூட் அடிக்கக் கூடாது. முதல் மாதம் வெறுந்தலையோடு அடித்துவிட்டு, குழுவிலிருந்த அத்தனை பேருக்கும் தன் செலவில் காப்பி வாங்கிக் கொடுத்திருந்தாள். அதுதான் அங்கே தண்டனை.

இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வெளியே புல் முளைத்த சின்ன ஓடுதளம் அது. கோடையில் மலைகளில் தீப் பிடிக்கிறதா என்று வானிலிருந்து பார்த்துச் சொல்லும் தொண்டர் குழு. பல் வைத்தியர், மீன் வியாபாரி, வீட்டுவேலைக்குப் போகும் பிரசாந்தினி. சம்பளம் கிடையாது, ஆனால் நீலச் சீருடை உண்டு, அணிவகுப்பு உண்டு. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற தலைவர் சல்வோ, அங்கிருந்த வழக்கங்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார். விமானம் தரை தொடும்வரை கீழே இருப்பவர்கள் யாரும் உட்காருவதில்லை.

இன்று அவள் முதல் தடவையாகத் தனி அவதானிப்பாளராகப் பறக்கிறாள். சரியாகச் செய்தால், இறங்கிய இடத்திலேயே சட்டையில் சிறகுச் சின்னம் குத்துவார்கள். குத்துவது வீட்டு ஆளாக இருக்க வேண்டும். ஆள் வராவிட்டால் சல்வோ சின்னத்தைக் கையில் கொடுப்பார், தானே குத்திக்கொள்ள வேண்டியதுதான். போன வருடம் குழுவிலிருக்கும் ரோசாரியாவுக்கு அப்படித்தான் நடந்தது. கடையில் வாங்கியது மாதிரி இருக்கிறதென்று இன்னும் சொல்கிறாள்.

கணவன் சிந்துஜனுக்கு ஞாயிறுகளில் ஹோட்டல் குசினியில் வேலை. மிச்சம் அவனுடைய அக்கா சந்திரமதி மச்சாள் மட்டும்தான். ஞாயிறு தோறும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். இன்றைக்கு மட்டும் அவர்களைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தார்கள்.

"மச்சாள், நான் இறங்கேக்கை ஒருக்கா வாங்கோவன்."

"பற்றீஸ் பொரிச்சுக் கொண்டந்தனான், குடுத்துவிடுறன். உந்த உடுப்புக்காரருக்குப் பக்கத்திலை என்னை நிக்க வைக்காதை. முழங்காலும் ஏலாது."

முழங்கால் ஒரு சாட்டு. யுத்த காலத்தில் ஊரில் இராணுவச் சீருடையைக் கண்டால் தலை குனிந்து நடந்து பழகியவள் மச்சாள். சின்னம் குத்தும் வழக்கத்தைப் பிரசாந்தினி அவளுக்குச் சொல்லவேயில்லை. சொன்னால் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள் என்ற பயம்.

பல் வைத்தியர் கார்மெலோ விமானத்தை ஓட்டினார். சக்கரம் தரையை விட்டது. பிரசாந்தினியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பல்லரோச் சந்தையின் கூடாரத் துணிகள் தூரத்தில் கந்தல் போலத் தெரிந்தன, அப்பால் கடல் வெள்ளித் தகடாகக் கிடந்தது. மொன்றியாலே ஊருக்குப் பின்னால் வளைந்தபோது பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு நூல் புகை. யாரோ இறைச்சி சுடுகிறார்களோ? அவள் கண்ணை எடுக்கவில்லை. நூல் கயிறானது, அடியில் கருமை ஏறியது.

"இன்னொரு சுற்று" என்றாள். கார்மெலோ விமானத்தைச் சரித்தார். ஒரு பக்கம் முழுக்க மலை, மறு பக்கம் முழுக்க வானம். வரைபடத்தில் விரலை வைத்து, வானொலியில் இடத்தைச் சொன்னாள். சற்று நேரத்தில் வளைந்த பாதையில் தீயணைப்புப் படையின் சிவப்பு வண்டிகள் ஏறின.

"நல்ல வேலை" என்று வானொலியில் வந்த சல்வோ, குரலைத் தாழ்த்தினார். "இங்கேதான் சிக்கல். உன் மச்சாள் பலகாரத்தோடு வந்து கதிரைகளைப் போட்டு, எல்லோரையும் உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறார். ஒருவரும் உட்காரவில்லை என்று கோபம்."

கார்மெலோ வாய்விட்டுச் சிரித்தார். பிரசாந்தினி வானொலிப் பொத்தானை அழுத்தினாள்.

"ஏன் உட்காருவதில்லை என்று அவவுக்குச் சொல்லுங்கள்."

வானொலியில் இரைச்சல் மட்டும் வந்தது. ஓடுதளம் தெரிந்தபோது கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்து பார்த்தாள். வெறும் கதிரைகள். பக்கத்தில் நீலச் சட்டைகளின் வரிசை. வரிசையின் கடைசியில், கோயிலுக்குக் கட்டிய செம்மஞ்சள் சேலை, காற்றில் படபடத்துக்கொண்டு நின்றது.

இறங்கி ஓடி வந்தவளின் முன் மச்சாள் இன்னும் விறைப்பாகத்தான் நின்றாள்.

"உவங்கள் நிக்கேக்கை நான் மட்டும் கதிரையிலை இருக்கிறதோ? உனக்காக நிக்கிறாங்கள் எண்டார் இந்த மனுசன்."

சல்வோ சிறகுச் சின்னத்தை மச்சாளிடம் நீட்டி, வீட்டு ஆள்தான் குத்த வேண்டும் என்றார். மச்சாள் நீலச் சட்டையைப் பார்த்தாள். விரல் ஒருமுறை பின்வாங்கியது. பிறகு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை பூட்டுவது போலக் கொலரை இழுத்துச் சரிசெய்து, ஊசியைக் குத்தினாள். சல்வோ தன் நெஞ்சில் முஷ்டியால் இடித்துக் காட்டினார்.

"என்னவாம்?"

"சின்னத்துக்கு மேலை ஒரு குத்துக் குத்த வேணும் மச்சாள். அதுதான் வழக்கம்."

"மெய்யாவோ?"

"ஓம்."

மச்சாள் பற்றீஸ் பெட்டியைத் தலைவரின் கையில் திணித்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "உனக்கு ஒண்டு போட வேணுமெண்டு ஒரு வருசமா யோசிச்சுக்கொண்டிருந்தனான்" என்று சொல்லிக்கொண்டே கையை முஷ்டியாக மடக்கி ஓங்கியபோது, வளையல்கள் எல்லாம் முழங்கைவரை சரிந்து வெயிலில் மின்னின.