ஒரு மணி இளசு

வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று பெர்த் நகரத்தில் காரை எடுக்கும்போதே லினெட் முடிவு பண்ணியிருந்தாள். ஆனால் ஃபெர்கஸ் வீடு இருக்கிற கால்கூர்லிக்கு வந்து சேரும்வரை அந்த நீளப் பாதையில் அவள் வாய் வேறு என்னென்னவோ ஒத்திகை பார்த்தது. மழையைப் பற்றிப் பேசலாமா, அவன் மனைவி நோலாவின் முழங்கால் வலியை விசாரிக்கலாமா என்று. குற்றம் பண்ணின மனசுக்கு ஊர்க்கதை எல்லாம் ஞாபகம் வரும், சொல்ல வேண்டியது மட்டும் வராது.

ஃபெர்கஸும் அவளும் ஒரே வருஷத்தில் புவியியல் படித்து முடித்தவர்கள். அவன் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலையப் போனான். அவள் கல்லுக்கு வயசு பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தாள். கால்கூர்லிக்கு வடக்கே ஒரு ஆட்டுப் பண்ணைக்குள் சின்ன மணற்கல் குன்று ஒன்று இருக்கிறது. அந்த வட்டாரத்திலேயே மூத்த மணற்கல் அதுதான், முந்நூறு கோடி வருஷத்துப் பழசு என்று ஃபெர்கஸ் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குப் பேரே ‘கிழவன்’ என்று வைத்துவிட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

கடைசியில் கிழவனிலிருந்து ஒரு பாளத்தைப் பெயர்த்து லினெட்டுக்கு அனுப்பினான். கல்லிடம் வயசு கேட்பதென்றால் சும்மா இல்லை. முதலில் அதை நொறுக்க வேண்டும், மாவாக்கிச் சலிக்க வேண்டும், அரிசியில் கல் அரிப்பதுபோல அரித்து அரித்து, கண்ணுக்கே தெரியாத சிர்க்கான் என்கிற கனிம மணிகளைப் பொறுக்க வேண்டும். மணிக்குள் இருக்கும் யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று இயந்திரம் அளந்தால் அந்த மணியின் வயசு வந்துவிடும். மணற்கல் என்பது பல ஊர் மணி ஒன்றாகச் சேர்ந்து இறுகினது. அதிலே இளசான மணி எதுவோ, அதைவிடக் கல் மூத்ததாக இருக்க முடியாது. சுவருக்குள்ளே போன வருஷத்து பீர் பாட்டில் மூடி கிடந்தால், சுவர் அதற்கு முந்தியே கட்டியது என்று யாராவது சொல்வார்களா?

கிழவனின் மணிகள் எல்லாம் முந்நூறு கோடிக்கு மேல் வந்தன. ஒன்றே ஒன்று மட்டும் இருநூற்று அறுபத்தைந்து கோடி. அந்த ஒரு மணி ஃபெர்கஸின் குன்றைத் தரைமட்டமாக்கிவிட்டது.

“நிச்சயந்தானா லின்?” என்று அன்றைக்குத் தொலைபேசியில் கேட்டான்.

“மெஷின்ல ஒரு தப்பும் இல்ல ஃபெர்கஸ்” என்றாள் அவள்.

பொய்யில்லை. இயந்திரத்தில் தப்பில்லைதான்.

தப்பு சல்லடையில். ஒவ்வொரு கல்லுக்கும் புதிதாக ஒரு நைலான் துணியை வெட்டிச் சட்டத்தில் மாட்டி, சலித்ததும் தூக்கி எறிவதுதான் அங்கே வழக்கம். கிழவனைச் சலித்த அன்றைக்குத் துணி தீர்ந்துபோயிருந்தது. ஃபெர்கஸோ, “கிழவனுக்கு வயசு என்னாச்சு?” என்று ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். காலையில் ஒரு கிரானைட் கல்லைச் சலித்த துணியையே நன்றாக அலசி, தட்டிப் பார்த்து, அதிலேயே கிழவனையும் சலித்துவிட்டாள். பின்னால் அந்தக் கிரானைட்டின் வயசு வந்தது. இருநூற்று அறுபத்தைந்து கோடி. அந்த வயசுக் கிரானைட் அந்தச் சீமை பூராவும் கிடக்கிறது, மணி அங்கிருந்தும் வந்திருக்கலாமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். பகலில் சமாதானமாகும். ராத்திரி படுத்தால் அந்தத் துணிதான் ஞாபகம் வரும்.

வருகிற புதன்கிழமை புவியியலாளர் கூட்டத்தில் எழுந்து நின்று, ‘நான் சொன்னது தப்பு’ என்று ஃபெர்கஸ் சொல்லப்போகிறான். அதற்கு முன்னால் அவள் சொல்லியாக வேண்டும்.

வாசலில் நோலா கட்டிப்பிடித்துக்கொண்டாள். “வாடி லின்னி! உள்ள போய்ப் பாரு, உன் ஃப்ரெண்டு கோயில் கட்டி வெச்சிருக்கான்.”

கொல்லையில் புத்தம்புது கல்லடுப்பு. மேலே கம்பி வலையில் சாசேஜ் பொரிந்துகொண்டிருந்தது. ஃபெர்கஸ் இடுக்கியோடு நின்றான்.

“எப்படி இருக்கு? எல்லாம் கொட்டகைல கெடந்த கல்லு. இனிமே எதுக்கு அதெல்லாம்? முன்னாடி இருக்கான் பாரு, சிவப்பா. நம்ம கிழவன்தான். நீ திருப்பி அனுப்பின பாதி.”

மறுபடி சோதித்துப் பார்க்க மிச்சம் இருந்ததே அந்தப் பாதிதான். குன்றுக்குப் போகலாம் என்றால் மழையில் பண்ணைப் பாதையை மூடிவிட்டார்கள்.

“சிமென்ட்டு போட்டாச்சா?”

“பின்ன? எச்சில் தொட்டா ஒட்டுவாங்க?”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய் விஷயம் மட்டும் வெளியே வந்தது.

“ஃபெர்கஸ், அந்த இளசு மணி கிழவனோடது இல்லாம இருக்கலாம். துணி தீர்ந்துபோச்சு. காலைல கிரானைட் சலிச்ச துணியவே அலசிட்டு உன்னோடதச் சலிச்சேன்.”

இடுக்கி அப்படியே நின்றது. நோலாதான் முதலில் பேசினாள்.

“அடிப்பாவி! என் டீ வடிகட்டிய நான் ஒழுங்காக் கழுவறேன். நீங்க அம்மாம் பெரிய மெஷின வெச்சுக்கிட்டு...”

“நோலா, சும்மா இரு” என்றான் ஃபெர்கஸ். பிறகு லினெட்டைப் பார்த்து, “எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?”

“சலிக்கும்போதே.”

“நான் நிச்சயந்தானான்னு கேட்டப்போ?”

“தெரியும்.”

சாசேஜ் ஒரு பக்கம் கருகியது. யாரும் புரட்டவில்லை. அவன் திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். அவனோ தீயை அணைத்தான், கொட்டகைக்குள் போனான், உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தான்.

“ஐயோ, நேத்துதான்யா காஞ்சுது!” என்று நோலா கத்தினாள்.

“சூடு பட்ட கல்லு சோதனைக்கு ஆகுமா?” என்றும் கேட்டாள், அடுப்பு தப்புமோ என்ற ஆசையோடு.

“மலையே உருகினாலும் சிர்க்கான் தாங்கும். உன் சாசேஜுக்கா அசையும்?” என்று சொல்லிக்கொண்டே அவன் முதல் அடியை அடித்தான்.

அடுத்த நாளே அவள் காரில் ஏறி அவனும் பெர்த்துக்கு வந்தான். வழியெல்லாம் மழையைப் பற்றித்தான் பேசினார்கள். ஆய்வுக்கூடத்தில் சிமென்ட்டை அவனே சுரண்டினான். புதுத் துணியை அவனே சுருளிலிருந்து வெட்டினான், அவனே சட்டத்தில் மாட்டினான். அவள் கை நீட்டியபோது, “நான் பாத்துக்கறேன்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

கூட்டத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டான். இந்தத் தடவை பொறுக்கியெடுத்த மணி அத்தனையையும் இயந்திரத்தில் வைத்தார்கள். திரையில் வரிசையாக எண்கள் வந்தன. முந்நூறுக்கு மேல், முந்நூறுக்கு மேல் என்று வந்துகொண்டே இருந்தது. லினெட் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டாள். அப்புறம் ஒரு இருநூற்று அறுபத்தைந்து. பிறகு இன்னொன்று. முடிவதற்குள் மூன்றாவதும்.

“அப்போ நான்தான் தப்பு” என்றான் ஃபெர்கஸ்.

“ஆமா.” அவள் சொன்ன பதில் சரியாகவே இருந்திருக்கிறது. நெஞ்சு லேசாக வேண்டுமே? ஆகவில்லை. “புதன்கிழமையே நீ எழுந்து சொல்லியிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்ப.”

“சொல்லியிருப்பேன். ஆனா அப்போ உன்ன நம்பிச் சொல்லியிருப்பேன்.” கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். “இப்போ கல்ல நம்பிச் சொல்லுவேன்.”

அடுத்த கூட்டத்தில் அவன் எழுந்து சொன்னான். பழைய நண்பர்கள் கை தட்டினார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். சல்லடைத் துணியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. லினெட்தான் பின்வரிசையிலிருந்து எழுந்து, முதல் தடவை நடந்ததை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இப்போதும் கால்கூர்லிக்குப் போகிறாள். அடுப்பில் கிழவன் இருந்த இடம் ஓட்டையாகவே கிடக்கிறது. ஃபெர்கஸ் அடைக்கவில்லை. நோலா அதை இடுக்கி வைக்கிற இடமாக்கிவிட்டாள். “லின்னி, அந்த இடுக்கிய எடுத்துக் குடு” என்று அவள் கேட்கும்போதெல்லாம், அந்த ஓட்டைக்குள் நுழைவதற்கு முன்னால் லினெட்டின் கை கொஞ்சம் நிற்கும். ஃபெர்கஸ் அதைப் பார்ப்பான். பார்த்துவிட்டு, சாசேஜ் பக்கம் திரும்பிக்கொள்வான்.