குதிப்பதில் தாமதம்

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் ஆறரை. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அந்தப் பத்திரிகையில் வீடியோ கேம் விமர்சனம் எழுதுகிறவர்கள் மூன்று பேர். உலகமே காத்திருக்கிற பெரிய கேம்கள் மூத்தவருக்குப் போய்விடும். ஒற்றை ஆள் வீட்டில் உட்கார்ந்து செய்கிற குட்டி கேம்களைப் புதிதாகச் சேர்ந்தவள் அள்ளிக்கொள்வாள். இரண்டுக்கும் நடுவில் கிடப்பவை அவனுக்கு. ஏழெட்டுப் பேர் மூன்று வருஷம் மாய்ந்து செய்து, பாதி அழகாகவும் பாதி சொதப்பலாகவும் வந்து நிற்குமே, அந்த ரகம். பெரும்பாலும் பத்துக்கு ஆறரை கொடுப்பான். ஏன் ஏழு இல்லை, ஏன் ஆறு இல்லை என்று இரண்டு பக்கத்துக்கு எழுதுவான். அந்த இரண்டு பக்கத்துக்காகவே அவனைத் தேடிப் படிக்கிறவர்கள் இருந்தார்கள்.

அப்படிப்பட்டவன் ஒரு கேமுக்கு நாலு கொடுத்தான். வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் ஒரு தபால்காரி கூரைக்குக் கூரை தாவிக் கடிதம் கொடுக்கிற கேம். ‘பட்டனை அமுக்கினால், குதிக்கலாமா என்று குடும்பத்தோடு கலந்து பேசிவிட்டுத்தான் குதிக்கிறாள்’ என்று எழுதினான். வரி பிய்த்துக்கொண்டு ஓடியது. கேமைத் தொட்டே பார்க்காதவர்களும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, அதைச் செய்த கம்பெனியின் தலைவியிடமிருந்து மெயில் வந்தது.

‘ஐயா, எங்களுக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. நீங்கள் சொன்ன தாமதம் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. எந்த மெஷினில், எந்தக் கன்ட்ரோலரில் ஆடினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். ஒன்பது நாளாக ஏழு பேரும் அதை மட்டுமே தேடிக்கொண்டிருக்கிறோம்.’

அப்புறம் பதில் போடலாம் என்று விட்டுவிட்டான். அந்த வாரம் சுரங்க ரயில் ஓட்டுகிற கேம் ஒன்று வந்தது. அதிலும் பிரேக் தாமதமாகப் பிடித்தது. அடுத்து வந்த வாள்சண்டை கேமிலும் வாள் தாமதமாக எழுந்தது. மூன்று வேறு கம்பெனிகள், மூன்று வேறு ஊர்கள். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே தப்பைச் செய்வார்களா?

சாயங்காலம் வீட்டில், பதினோரு தடவை ஆடி முடித்த பழைய கேம் ஒன்றை எடுத்துப் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு ஆடுவான் அதை. முதல் பள்ளத்திலேயே விழுந்தான். கன்ட்ரோலரை மாற்றினான். வயரை மாற்றினான். மறுபடியும் விழுந்தான். தபால்காரி கேமை எடுத்துப் போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டான்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். கேம் என்றால் காத தூரம் ஓடுவாள்.

“இந்தப் பட்டனை அமுக்கு.”

“எதுக்குங்க? அடுப்புல பால் இருக்கு.”

“ஒரே ஒரு தடவை.”

அமுக்கினாள். தபால்காரி குதித்தாள். இன்னொரு தடவை அமுக்கச் சொன்னான். இன்னொரு தடவை.

“உடனே குதிக்கிறாளே. இதுல என்ன பாக்கணும்?”

அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“கட்டைவிரலை நீட்டுங்க. கண்ணை மூடுங்க. தொட்டா தெரியுதா?”

“தெரியுது.”

“இப்ப?”

“தெரியுதுன்னு சொல்றேன்ல.”

“நான் இன்னும் தொடவே இல்லைங்க.”

டாக்டரிடம் போகலாம் என்றாள். நரம்புப் பரிசோதனைக்கு நாள் வாங்கினாள். யாரிடமும் மூச்சு விடாதே என்று அவளிடம் சத்தியம் வாங்காத குறை. பிறகு ஐந்து நாள் அலுவலகத்தில் எப்படி ஓட்டினான் என்று கேட்டால் அவனாலேயே சொல்ல முடியாது. கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். யாராவது பக்கத்தில் வந்தால் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொள்வான். அந்த மெயிலைத் திறப்பான், மூடுவான். என்ன என்று பதில் போடுவது? மெஷினில் கோளாறு இல்லை, நான்தான் அந்தக் கோளாறு என்றா? இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

ஆறாம் நாள் இரண்டாவது மெயில் வந்தது.

‘ஐயா, இது கடைசி. குதிக்கிற பகுதிக்கு நிரல் எழுதிய எங்கள் புரோகிராமர் நேற்று விலகிவிட்டார். நாங்கள் யாரும் போகச் சொல்லவில்லை. தன்னால் எல்லோருடைய உழைப்பும் போச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தக் கன்ட்ரோலர் என்று மட்டும் சொல்லுங்கள்.’

மாடிப்படியில் போய் நின்று அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டான். எடுத்தது தலைவிதான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான். விரலில் உணர்ச்சி இல்லை, அமுக்கிவிட்டதாக நினைத்த பிறகுதான் விரல் அமுக்குகிறது, கேமில் தாமதம் இல்லை, தெரிந்து ஆறு நாள் ஆகிறது.

“அந்த ஆறு நாளும் நாங்க தேடிட்டுதான் இருந்தோம்,” என்றாள்.

“தெரியும்.”

“நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறார்.”

எண் கொடுத்தாள். ஐந்து தடவை கூப்பிட்டுப் பார்த்தான். மணி அடித்து அடித்து நின்றது. விஷயத்தை எழுதி அனுப்பிவிட்டு, பத்திரிகை ஆசிரியையின் அறைக்குப் போனான்.

ஆசிரியை கத்துகிற ஜாதி இல்லை. கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

“எப்பலேருந்து?”

“தெரியல மேடம்.”

“போன மாசமா, போன வருஷமா?”

“அதுதான் தெரியல.”

அவன் எழுதியவற்றை அவள் திரையில் வரிசையாக இறக்கினாள். ஒரு வருஷத்தில் முப்பத்தொரு விமர்சனம். ‘திருப்பினால் திரும்ப மறுக்கிறது’ என்று ஒன்றில். ‘சண்டையில் விறுவிறுப்பு இல்லை’ என்று இன்னொன்றில். எழுதும்போது ஒவ்வொன்றும் அத்தனை உறுதியாக இருந்தது அவனுக்கு.

“இதுல எது கேமோட குறை, எது உன்னோட குறைன்னு இப்ப யாருப்பா பிரிச்சுச் சொல்றது?”

அவள் மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முப்பத்தொன்றையும் எடுத்துவிட்டார்கள். வருத்தம் தெரிவித்து முதல் பக்கத்தில் போட்டார்கள். விமர்சனத்திலிருந்து அவனை விலக்கி, மற்றவர்கள் எழுதுவதில் எழுத்துப்பிழை பார்க்க வைத்தார்கள். தபால்காரியைப் புதியவள் மறுபடி ஆடி ஏழு கொடுத்தாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. வந்து ஒரு மாதம் ஆன நடுத்தர கேமைத் திரும்பிப் பார்க்கிறவர் யார்? அதற்குள் அதேபோல் இருபது வந்துவிட்டன.

பரிசோதனை நாளன்று ஆஸ்பத்திரி நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது புரோகிராமரின் பதில் வந்தது. மனைவி வாசித்தாள்.

‘உங்கள் விமர்சனம் வந்த அன்றே உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். நானும் அந்தத் தாமதத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் இல்லை என்றார்கள், எனக்கு மட்டும் தெரிந்தது. இப்போது இல்லை என்கிறீர்கள். நேற்று ஆடினேன். இன்னும் தெரிகிறது. இனிமேல் என் கண்ணை நான் எப்படி நம்புவது?’

அவன் இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டான். வலது உள்ளங்கையில் முகம் பட்டது. கட்டைவிரலில் படவில்லை.

“என்னன்னு பதில் போடறது?” என்றாள் அவள்.

“மன்னிப்பு கேட்டா போதாது.”

“போதாதுதான்.”

“எழுதிக்கோ. உன் விரலால அவ குதிச்சதை நான் பாத்தேன்னு சொல்லு. மூணு தடவையும் அமுக்கின கணத்துலயே குதிச்சா. அதை முதல்ல போடு.”

அவள் தட்டினாள்.

“அப்புறம் குறையைச் சொல்லு. வரைபடம் மோசம், வடக்கு எதுன்னே புரியல. மூணாவது பகுதி இழுவை. அங்க ஒரே வேலையை நாலு தடவை வாங்கறாங்க.”

“இப்பப் போய்க் குறை சொல்லணுமாங்க?”

“சொன்னாதான் மிச்சத்தை நம்புவார். பூட்டின வீட்டுக் கதவுல அவ கடிதத்தோட நிக்கற இடம் இருக்கே, அங்க எந்தப் பட்டனும் வேலை செய்யாது. நிக்கத்தான் முடியும். அப்படி ஒரு இடம் நான் எங்கயும் பாக்கல. அதை நாலு கொடுத்த அன்னிக்கே எழுதியிருக்கணும். ரெண்டு பத்தி எழுதிட்டு, அந்தச் சிரிப்பு வரிக்கு இடம் வேணும்னு வெட்டினேன். அதையும் போடு.”

அவள் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு அதையும் தட்டினாள். உள்ளேயிருந்து நர்ஸ் அவன் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் எழுந்தான். அனுப்பிவிடட்டுமா என்று அவள் கேட்டாள்.

“அனுப்பு,” என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை இடது கையால் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான்.