மேசைக்கடி மேனேஜர்

வீட்டின் முன்னறையிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் தொழிலை அவள் தொடங்கி இரண்டு வருடமாகிறது. துணி வெட்டுவாள், ஓரம் அடிப்பாள், வளையம் மாட்டுவாள், இஸ்திரி போட்டு மடித்தும் கொடுப்பாள். ஒரே ஒரு வேலைதான் அவளுக்கு வரவில்லை: ‘முடியாது’ என்று சொல்வது. நாளைக்கே வேண்டும் என்று யாராவது கேட்டால், நாக்கு யோசிப்பதற்குள் தலை ஆடிவிடும். பிறகு ராவும் பகலும் மிஷினோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

அதனால் ஒரு மேனேஜரை உண்டாக்கினாள். "மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்" என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிர்முனை பணிந்துவிடும். இல்லாத ஆள்மேல் பாரத்தைப் போடுவதில் இருக்கும் சுகம் இருக்கிறதே, அது வேறு.

மகளுக்கு இன்னும் நாலு வயது முடியவில்லை. வீட்டில் கூப்பிடுவது வாண்டு. ஒரு நாள் அம்மா போனை வைத்ததும் கேட்டாள்.

"மேனேஜர்னா யாரும்மா?"

"எல்லாத்தையும் முடிவு பண்றவங்க."

"அப்ப நான்தானே."

யோசித்துப் பார்த்தால் மறுக்க வழியில்லை. மிஷின் எப்போது ஓடலாம், எப்போது ஓடக்கூடாது, அம்மா எப்போது உட்காரலாம், எப்போது எழுந்து ஓட வேண்டும் என்பதையெல்லாம் அந்த வீட்டில் முடிவு செய்துகொண்டிருந்தது வாண்டுதான். அன்றைக்கே அவள் துணி வெட்டும் மேசைக்கு அடியில் குடியேறினாள். மிச்சத்துணி ஒன்று கதவாயிற்று. காலி நூற்கண்டுகள் எட்டு, கால் உடைந்த ஒரு பொம்மை ஆகியவை ஊழியர்கள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து போன் வந்தது இதற்கு அடுத்த வாரம். பேசியவர் சாமான்கள் வாங்கும் அதிகாரி. கட்டில்களுக்கு நடுவே மறைப்புக்குத் தொங்கவிட நாற்பத்திரண்டு திரைச்சீலை, பத்தே நாளில் வேண்டுமாம்.

"மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன் சார்."

"இப்பவே கேளுங்க, லைன்ல இருக்கேன்."

இப்படி அதுவரை யாரும் சொன்னதில்லை. வேறு வழியில்லாமல் குனிந்து மேசைக்கடியில் கேட்டாள். வாண்டுவுக்கு அன்று காலையிலிருந்து எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். பல் தேய்க்க முடியாது, தலை வார முடியாது.

"முடியாது" என்றது மேசை.

அது போனிலும் கேட்டுவிட்டது. அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "இதுவரைக்கும் பதினோரு பேரைக் கேட்டேம்மா. பதினோரு பேரும் முடியும்னாங்க. ஒருத்தர்கூடத் தச்சுக் குடுக்கல. உங்க மேனேஜர்தான் உண்மையச் சொல்றாங்க. நாளைக்கு நேர்ல வந்து பாக்கறேன்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பஸ் ஓட்டும் கணவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

"நான் வேணா மேனேஜரா உக்காரட்டுமா?" என்றான் அவன்.

"உங்க குரலை அவர் கேக்கலையே. இவ குரலைத்தான் கேட்டிருக்காரு."

"அப்ப இவளே உக்காரட்டும். நடக்கறது நடக்கட்டும்."

மறுநாள் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கையில் கனமான ஃபைல். உண்மையை உடைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தவள், "சார், மேனேஜர் வந்து..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

அதிகாரி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஃபைலை முதலில் உள்ளே தள்ளிவிட்டு, முழங்காலிட்டுத் தவழ்ந்து போனார். மிச்சத்துணி மூடிக்கொண்டது. அவள் இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டபடி வெளியே நின்றாள். சொந்த வீட்டில், சொந்தத் தொழிலில், அவளைத்தான் யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

"எதுக்குக் கர்ட்டன்?" என்று கேட்டாள் வாண்டு.

"நோயாளிங்க ஒருத்தர ஒருத்தர் பாக்காம இருக்கறதுக்கு."

"ஏன் பாக்கக்கூடாது?"

அதிகாரி ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். "எங்க ஃபைல்ல அதுக்குக் காரணம் எழுதல. கமிட்டியத்தான் கேக்கணும்" என்றார்.

"கேட்டுட்டு வாங்க. எனக்குத் தூக்கம் வருது."

நிஜமாகவே தூங்கிவிட்டாள். மேனேஜர் எழாமல் கிளம்புவது மரியாதையில்லை என்று அதிகாரி காத்திருந்தார். காத்திருந்தவர் அப்படியே கண்ணயர்ந்தார். முதல் ட்ரிப் முடித்து மதியம் சாப்பிட வந்த கணவன், மேசைக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

"யாரிது?"

"கஸ்டமர். மெதுவாப் பேசுங்க, மீட்டிங் நடக்குது."

அவன் கால்களைத் தாண்டிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, திரும்பவும் தாண்டி வேலைக்குப் போனான்.

மூன்று நாள் கழித்து அதிகாரி ஒரு கடிதத்தோடு வந்தார். மேனேஜர் எழுப்பிய கேள்வியைக் கமிட்டி நாலு மணி நேரம் விவாதித்ததாம். ஏன் பார்க்கக்கூடாது என்பதற்கு டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து வரவில்லை. கடைசியில், மறைப்பும் இருக்க வேண்டும், விரும்பினால் பார்க்கவும் முடிய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஒவ்வொரு திரைச்சீலையிலும் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு மூடி. அளவை மேனேஜர் சொல்ல வேண்டும். அவகாசம் ஒரு மாதம்.

ஓட்டை போட்ட திரைச்சீலையை ஊரில் யாராவது தைப்பார்களா? இரண்டு வருடமாக ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வதே அவள் பிழைப்பாக இருந்தது. ஆனாலும் ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. கட்டிலைக் கதவருகே இழுத்துப் போட்டு, துணியைக் கதவில் தொங்கவிட்டாள். வாண்டு கட்டிலில் உட்கார்ந்து, மூக்கைத் துணியில் அழுத்திக் காட்டினாள். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம். நாற்பத்திரண்டு துணிக்கும் நாற்பத்திரண்டு தடவை மூக்கை வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. நடுவில் சளி பிடித்து நாலு நாள் வேலை நின்றது. அந்த நாலு நாளும் அதிகாரி போன் செய்து, "மூக்கு எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்.

ஓட்டையைச் சுற்றிப் பட்டி வைத்துத் தைப்பதுதான் கஷ்டம். முதல் மூன்று சுருங்கிப்போயின. நாலாவது படிந்து உட்கார்ந்தபோது, நீவிப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள். இவ்வளவு நேர்த்தியாக எதையும் அவள் தைத்ததில்லை.

எல்லாவற்றையும் மாட்டி முடித்த நாளில், மேனேஜர் வந்து பார்வையிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கார் வந்தது. மகளோடு அவளும் போனாள். நீளமான வார்டு. வாண்டு கட்டில்மேல் ஏறி ஏறி ஒவ்வொரு ஓட்டையாகச் சோதித்தாள். ஒரு கட்டிலில் காலில் கட்டுப் போட்டவர் மூடியைத் தூக்கி, பக்கத்துக் கட்டில்காரரிடம் செய்தித்தாளின் நடுப்பக்கத்தை நீட்டிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் இரண்டு கிழவர்கள் ஓட்டை வழியாகவே சண்டை போட்டார்கள். ஒருவர் பட்டென்று மூடியைச் சாத்தினார். மற்றவர் தட்டித் திறக்கச் சொன்னார்.

கடைசி ஓட்டையில் அதிகாரியின் முகம் தெரிந்தது.

"சார், நீங்க எங்க இங்க?" என்றாள் அவள்.

"சோதிச்சுப் பாக்கலாம்னு காலைல படுத்தேன்மா. நர்ஸ் வந்து வாயில தெர்மாமீட்டரை வச்சிட்டாங்க. நூத்திமூணு இருக்காம். எழுந்திருக்க விடமாட்டேங்கறாங்க."

அவள் மூடியை முழுவதும் தூக்கினாள். "எப்போலேர்ந்து சார் காய்ச்சல்?"

"யாருக்குத் தெரியும்? ஒரு மாசமாவே உடம்பு சுகமாக் கணகணன்னு இருந்துச்சு."

நாற்பத்திரண்டு திரைச்சீலையும் காய்ச்சலில் எடுத்த முடிவாக இருக்குமோ என்று அவள் வார்டைத் திரும்பிப் பார்த்தாள். இருந்தால்தான் என்ன, தையல் நேராக இருந்தது. அதிகாரி ஓட்டை வழியாகவே கையை நீட்டி ரசீதில் கையெழுத்துப் போட்டார்.

"இதே மாதிரி மாடி வார்டுக்கும் அறுபது வேணும்மா. பதினஞ்சு நாள்ல முடியுமான்னு மேனேஜரக் கேட்டுச் சொல்லுங்க."

"முடியாது சார்" என்றாள் அவள். "ஒண்ணரை மாசம் ஆகும்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதிகாரி சரி என்று மூடியைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை.

வாண்டு மட்டும் கட்டிலிலிருந்து இறங்கி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ என்னைக் கேக்கவே இல்ல."

காரில் ஜன்னலோரமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். வீடு வந்ததும் மேசைக்கடியில் நுழைந்து துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டை உள்ளேதான் தள்ள வேண்டியிருந்தது.

"என்ன, மேனேஜர் வேலைய விட்டுட்டாங்களா?" என்றான் கணவன்.

"நானும் உள்ள வரலாமா?" என்று கேட்டாள் அவள், துணிக்கு வெளியே உட்கார்ந்து.

உள்ளே பருக்கை மெல்லும் சத்தம் நின்றது. "இடமில்ல" என்றது குரல். கொஞ்சம் கழித்து நூற்கண்டுகளை ஓரமாக நகர்த்தும் சத்தம் கேட்டது.