பஞ்சும் குங்கிலியமும்

விடிவதற்குள் உப்பு வாரத் தொடங்கிவிடவேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியின் வெள்ளை கண்ணைக் குத்தும், பித்தவெடிப்புக்குள் உப்புநீர் இறங்கிக் காந்தும். மரக்காணத்து உப்பளத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அன்றும் கிழக்கு வெளுக்கும் முன்பே பெண்கள் கூடைகளோடு வரப்பில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நான் கிரேனின் மேல் உட்கார்ந்து துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் அப்பாதுரை. படகுக்குப் பெயிண்ட் அடிப்பவன். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைக்கிற கலப்பத்து வேலையும் தெரியும். பக்கிங்காம் கால்வாயில் உப்பு ஏற்றிப்போன படகுகளில் பாதி என் கை பட்டவை. படகு குறைந்து லாரி வந்தபிறகு, கிடைத்த இரும்புக்கெல்லாம் பூசிக்கொண்டு திரிகிறேன்.

அந்தக் கிரேன் ஏலத்தில் வந்த பழைய சாமான். முதலாளி சக்கரபாணி அதை லாரி நிற்கும் மேட்டில் நட்டுவைத்திருந்தார். இரண்டு பேர் பிடியைச் சுற்றினால் நீண்ட இரும்புக் கை மூட்டைகளைத் தூக்கி லாரிமேல் வைக்கும். இருபத்திரண்டு நாளைக்கு முன் அந்தக் கை திடீரென்று தாழ்ந்தது. மூட்டைக் கட்டு கொக்கியிலிருந்து கழன்று, கீழே நின்ற சிங்காரத்தின் மேல் விழுந்தது. ஆள் அங்கேயே முடிந்துவிட்டான். பொழுது சாய்வதற்குள் முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: சிங்காரம் குடித்துவிட்டு வந்தான், கொக்கியைச் சரியாக மாட்டவில்லை, மிஷினில் ஒரு குறையும் இல்லை.

சிங்காரம் குடிக்கமாட்டான். அது அளத்து நாய்க்கும் தெரியும்.

அன்றிலிருந்து மூட்டை ஏற்ற யாரும் கிரேனைத் தொடவில்லை. தொடாமலே அது சத்தம் போட்டது. கடல்காற்று எழும்போதெல்லாம் கொக்கிச் சங்கிலி இரண்டு தரம் முனகி நிற்கும். மூட்டை கட்டி முடித்ததும் சிங்காரம் சங்கிலியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் "தூக்கு" என்பான். காலை வெயிலில் கிரேனின் நிழல் வரப்புக்குக் குறுக்கே விழுந்தது. தலையில் சுமையோடு வந்த பெண்கள் அதை மிதிக்காமல் பாத்திக்குள் இறங்கிச் சுற்றிப் போனார்கள்.

"நெழலு கடிச்சிடுமா? நேரா போங்கடி!" என்று மேஸ்திரி சேட்டு கத்தினான். ஒருத்தியும் நேராகப் போகவில்லை. எனக்கும் அந்தச் சங்கிலிப் பக்கம் திரும்பப் பயமாகத்தான் இருந்தது.

முந்தின நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "நாளான்னைக்கு மெட்ராஸ்லேர்ந்து மிஷினு பாக்கற ஆபீசர் வர்றாரு. சொரண்டி, கழுவி, பச்சை அடிச்சிடு. புதுசாட்டம் இருக்கணும்."

உப்புக்காற்று தின்ற இரும்பில் பெயிண்ட் சும்மா பிடிக்காது. நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் கொப்புளித்துக் கழன்றுவிடும். அதற்காக மாட்டு வண்டியில் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் வந்து நின்றது. ஆண்டாள் என்கிற பெண் கூடையை இறக்கிவிட்டுப் பீப்பாயின் அடியில் கையை ஏந்தினாள். சேட்டு அவள் கையைத் தட்டிவிட்டான்.

"இது கிரேனுக்கு. ஒங்களுக்குத்தான் பானையில வச்சிருக்குதே?"

"பானையில சேறுதான் இருக்குது. கிரேனு குடிக்கும், நாங்க பாத்துக்கினு நிக்கணுமா?"

"குடிச்சிட்டு வந்து ஒருத்தன் போனது பத்தலையா?" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்குத் தானே சிரித்தான் சேட்டு.

இரண்டு பேருக்குப் பின்னால் தெய்வநாயகி நின்றிருந்தாள். சிங்காரத்தின் மனைவி. காரியம் முடிந்த மூன்றாம் நாளே கூடை தூக்க வந்துவிட்டவள். அவள் முகம் மாறவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தில் என் உளி வேகமாக ஓடியது. விபத்துக்கு மறுநாளே கையை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தி, அது தூணோடு சேரும் மூட்டில் கிரீஸை அப்பிவைத்திருந்தார்கள். கிரீஸை வழித்தேன். பழைய பச்சை பாளமாகக் கழன்று விழுந்தது. அதன் அடியில் விரல் நுழைகிற வெடிப்பு. உள்ளே பாதி, கறுத்துப்போன பழைய துரு. மீதி, விபத்தன்று புதிதாக விட்டுப்போன இடத்தில் ஏறிய இருபத்திரண்டு நாள் செந்துரு. உளியின் நுனியில் நூல் நூலாக ஏதோ சிக்கியது. இழுத்தேன். குங்கிலியமும் எண்ணெயும் ஊறிய பஞ்சு.

இரும்பின் வெடிப்பைப் படகு இடுக்குப்போல அடைக்கிறவன் இந்தக் கரையில் வேறு எவன் இருக்கிறான்? நான்தான்.

எழுபத்தொன்றில், மூன்று வருஷத்துக்கு முன், இதே கிரேனுக்கு நான் பூசினேன். அப்போது மூட்டில் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு இருந்தது. சேட்டுவிடம் காட்டினேன். "அடைச்சிட்டுப் பூசுப்பா, மொதலாளி அப்பிடித்தான் சொன்னாரு" என்றான். அடைத்தேன். படகில் அடைத்தால் தண்ணீர் நிற்கும். இரும்பில் அடைத்தால் பார்க்கிறவன் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். அது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதன்மேல் இரண்டு தரம் பச்சை அடித்தேன்.

காற்று எழுந்தது. சங்கிலி இரண்டு தரம் முனகியது. என் கையிலிருந்து உளி நழுவிவிட்டது.

கீழே போய்க்கொண்டிருந்த தெய்வநாயகி அதை எடுத்து நீட்டினாள். என் விரலில் சுற்றியிருந்த பஞ்சைப் பார்த்தாள்.

"இன்னாண்ணே அது?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுபடி அடைத்து, பொழுது சாய்வதற்குள் பூசி முடித்திருக்கலாம். மறுவாரமே அந்தக் கைக்குக் கீழே வேறொருவன் நிற்பான்.

"இரும்பு முன்னமே வெடிப்பு விட்டிருந்திச்சு, தங்கச்சி. மூணு வருசம் ஆச்சு. நான்தான் அடைச்சேன். தெரிஞ்சேதான் அடைச்சேன்."

அவள் அழவில்லை. பஞ்சை வாங்கி விரலால் பிரித்துப் பார்த்தாள்.

"அப்ப அவரு கொக்கிய சரியாத்தான் மாட்டினாரு."

"சரியாத்தான் மாட்டினான்."

"எங்கிட்ட மட்டும் சொல்லி இன்னா பிரயோசனம்? எறங்கி வா. எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லு."

'அண்ணே' போய்விட்டதைக் கவனித்தேன். இறங்கினேன். கூடைகள் ஒவ்வொன்றாக வரப்பில் இறங்கின. நான் சொல்லி முடித்ததும் நடராசன் என் சட்டையைப் பிடித்தான். சிங்காரத்தோடு பத்து வருஷம் மூட்டை ஏற்றியவன் அவன். தெய்வநாயகிதான் அவன் கையை எடுத்துவிட்டாள்.

சேட்டு சைக்கிளில் பறந்தான். அரை மணியில் முதலாளியின் ஜீப் வந்தது.

"ஏம்பா அப்பாதுரை, பெயிண்டு காய வாணாமா? இன்னா கீழ நிக்கற?"

"பூச மாட்டேங்க மொதலாளி. வெடிப்ப ஆபீசரு பாக்கட்டும்."

முதலாளி கிரேனின் மூட்டுப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். கெட்டிக்கார மனுஷன், கோபப்படவில்லை.

"அடைச்சவன் நீதானாமே? அப்ப ஆபீசர் ஒன்னத்தான் மொதல்ல உள்ள தள்ளுவாரு." கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "ஒங்க ஆளக் கொன்னவன் இதோ நிக்கறான். இவன விட்டுட்டு எம்மேல பாயறீங்களே, இது நாயமா?"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அடிக்க வேண்டிய இடத்தில் அடித்துவிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால் என்னால் தலை நிமிர முடியவில்லை.

தெய்வநாயகி முன்னால் வந்தாள்.

"இவன் அடைச்சது நெசம். இவன்கிட்ட நான் கேக்க வேண்டியது நெறைய இருக்குது, உசுரு இருக்கற வரைக்கும் கேப்பேன். ஆனா அடைக்கச் சொன்னது யாரு மொதலாளி? அதுங்கீழ எம்புருசன நிக்க வச்சது யாரு? இன்னைக்கும் பூசுன்னு சொல்றது யாரு?"

"குடிச்சிட்டு வந்தவனுக்கு..."

"அத இன்னொரு தபா சொல்லாதீங்க" என்றாள் ஆண்டாள். அவளுக்குப் பின்னால் அறுபது பேர் நின்றார்கள்.

"வேற பெயிண்டரக் கூட்டிக்கினு வாங்க" என்றான் நடராசன். "எங்கமேல பூசிட்டுத்தான் அதும்மேல பூசணும்."

"நாளையிலேர்ந்து ஒருத்தியும் அளத்துல கால வைக்கக் கூடாது!" என்று கத்திவிட்டு முதலாளி ஜீப்பில் ஏறினார்.

அவர் போனபின் யாரும் வெற்றி பெற்றதுபோலக் குதிக்கவில்லை. நாளைக்கு அடுப்பில் என்ன வைப்பது என்று எல்லோருக்கும் ஒரே யோசனை. ஆண்டாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எந்த ஆபீசர் நேரா அளத்துக்கு வந்திருக்கான்? மொதல்ல மொதலாளி பங்களா. அங்க மீன் கொழம்பே அவருக்கு எல்லாத்தயும் எடுத்துச் சொல்லிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். இருபத்திரண்டு நாளில் முதல்முறையாக அந்த மேட்டில் சிரிப்புக் கேட்டது. சிரிப்போடு சிரிப்பாக முடிவும் ஆனது. பாதிப் பேர் நடராசனோடு கிரேனைச் சுற்றி உட்காருவது. மீதிப் பேர் பங்களாவுக்குத் திரும்புகிற முனையிலேயே ஆபீசரை மறித்து அளத்துக்கு அழைத்து வருவது.

மறுநாள் காலை ரோட்டு முனையில் நாங்கள் முப்பது பேர் நின்றோம். பத்து மணிக்குத் தூரத்தில் புழுதி தெரிந்தது. ஆபீசரின் ஜீப்தான். அவர் நிறுத்துவாரா, நிறுத்தினாலும் கேட்பாரா, கேட்டாலும் உள்ளதை உள்ளபடி எழுதுவாரா, ஒன்றும் தெரியாது. என்னை உள்ளே தள்ளினாலும் தள்ளலாம். என் கால் ரோட்டோரத்தை விட்டு நகரவில்லை.

தெய்வநாயகி பக்கத்தில் வந்து நின்றாள். முந்தின நாளுக்குப் பிறகு அப்போதுதான் என்னோடு பேசினாள்.

"பயமா இருக்குதா?"

"இருக்குது."

"எனக்கும்தான். நட."

முப்பது பேரும் ரோட்டுக்குக் குறுக்கே இறங்கினோம்.